பொட்டலச் சோறும் கொள்ளை நோயும்



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? மன்னர்கள், போர்கள், கோட்டைகள். ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சோற்றுப் பொட்டலம். இதற்குமா வரலாறு என்று சிலர் சிரிக்கலாம். கொள்ளை நோய்க் காலத்தில் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் உணவை அச்சமின்றி உண்பது எப்படி என்பதை மனிதன் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. பல உயிர்களைக் கொடுத்து, ஏறத்தாழ 170 ஆண்டுகளில் கற்றுக்கொண்டான். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் தவறு செய்ததைக் கேட்பதில் மாணவர்களுக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு அல்லவா?

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, கோயில்கள் மூடப்பட்டன. உணவுக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. கட்டிக்கொண்டு போகலாம், அல்லது வீட்டுக்கு வரவழைக்கலாம். சிங்கப்பூரிலும் ஏப்ரல் 7ஆம் நாளிலிருந்து ஜூன் முதல் நாள் வரை இதே நிலைதான். கடைகளில் மேசை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிறு கட்டி வைத்திருந்த காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஓர் ஒட்டுக்கடையில் ஐந்து பொட்டலம் நாசி லெமாக் வாங்கி வந்தேன். கோவிட் கிருமி பிளாஸ்டிக்கின் மேல் மூன்று நாள் உயிரோடு இருக்கும் என்று கைப்பேசியில் படித்திருந்தேன். வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய தாயார் இருக்கிறார். சும்மா விடலாமா? பிளீச் கலந்த தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு பொட்டலத்தையும் துடைத்தேன். அதுவும் போதாதென்று, வெயிலில் கிருமி சாகட்டும் என்று அஞ்சடியில் ஒரு பலகையின் மேல் வரிசையாக அடுக்கி வைத்தேன். "ஏய்யா, பொட்டலத்தப் போய் குளிப்பாட்டிக் காயப்போடுறியே, உள்ள இருக்கிற சோறு என்னத்துக்கு ஆகும்?" என்று என் தாயார் கேட்டார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்தவன் அல்லவா!

பிற்பகல் இரண்டு மணிக்குச் சாப்பிட்டோம். நான்கு மணிக்கெல்லாம் வாந்தி தொடங்கியது. பெரியவர்கள் நாங்கள் தாங்கிக்கொண்டோம், பிள்ளைகளும் சமாளித்தார்கள். என் தாயார்தான் துவண்டு போனார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்றால், அங்கே கோவிட் இருக்குமே என்ற பயம். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், நாக்கு வறண்டு அவர் படுத்திருக்கும் நிலை. அந்த இரவை நான் மறக்கமாட்டேன். கடைக்காரர்மேல் குறை சொல்ல வழியில்லை. அதே கடையில் அதே காலை வேளையில் வாங்கி உடனே சாப்பிட்ட அண்டை வீட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. குற்றம் என்னுடையது. ஒரு நோய்க்கு அஞ்சி இன்னொரு நோயை வெயிலில் வைத்து வளர்த்திருக்கிறேன்.

நான் எங்கே தவறினேன்? இதற்கு விடை தேட வேண்டுமானால், நாம் 1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகருக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில், சோஹோ என்னும் பகுதியில் வாந்திபேதி வெடித்தது. பத்தே நாளில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் மாண்டனர். அக்காலத்து மருத்துவர்களில் பெரும்பாலோர், அழுகிய பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே இந்நோய்க்குக் காரணம் என்று நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் மட்டும் அதை ஏற்கவில்லை. நோய் வயிற்றைத் தாக்குகிறதே, வாய் வழியாகப் போன ஏதோ ஒன்றுதானே காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் சிந்தித்தார். வீடு வீடாகச் சென்று இறந்தவர்களின் கணக்கை எடுத்தார். இறந்தவர்களில் மிகப் பலர் பிராட் வீதியில் இருந்த ஒரு கைப்பம்பில் தண்ணீர் பிடித்தவர்கள் என்பது தெரிந்தது. அதே வட்டாரத்தில் இருந்த மதுவடிப்பு ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆலையில் கிடைத்த பானத்தையே குடித்து வந்தார்கள்.

இங்கே நம் பொருளுக்கு நெருங்கிய ஒரு செய்தி உண்டு. சோஹோவிலிருந்து பல மைல் தொலைவில், ஹாம்ப்ஸ்டெட் என்னும் ஊரில் ஒரு விதவைத் தாயார் அந்நோயால் இறந்தார். அவ்வூரில் வேறு யாருக்கும் நோய் இல்லை. அவர் சோஹோ பக்கம் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பிறகு எப்படி? ஸ்னோ விசாரித்தார். அந்த அம்மையார் முன்பு பிராட் வீதிப் பக்கம் வாழ்ந்தவர். அந்தப் பம்புத் தண்ணீரின் ருசி அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஆகவே, அவருடைய பிள்ளைகள் நாள்தோறும் வண்டியில் ஒரு பெரிய புட்டியில் அந்தத் தண்ணீரை அனுப்பி வந்தார்கள். தாய்மேல் கொண்ட பாசத்தால் அனுப்பிய தண்ணீரே அவருக்கு எமனாயிற்று. அவரைப் பார்க்க வந்த உறவுக்காரப் பெண்ணும் அதைக் குடித்தார். இஸ்லிங்டனில் உள்ள தம் வீட்டுக்குத் திரும்பி அவரும் இறந்தார்.

ஸ்னோவின் வேண்டுகோளின்படி, செப்டம்பர் 8ஆம் நாள் அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. பக்கத்து வீட்டின் கழிவுக்குழியிலிருந்து அந்தக் கிணற்றுக்குள் கசிவு இருந்தது பின்னர் தெரியவந்தது. ஆயினும் காற்றைக் குறை சொன்னவர்கள் உடனே மனம் மாறிவிடவில்லை. 1884இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அதன் பின்னரே உலகம் சிறிது சிறிதாக ஸ்னோவின் கருத்துக்கு வந்தது.

இதில் நமக்கு முதல் பாடம் இருக்கிறது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வழி உண்டு. அந்த வழியை அறியாமல் வேறு வழியை அடைப்பது, திருடன் பின்வாசலில் வரும்போது முன்வாசலுக்குப் பூட்டு மேல் பூட்டுப் போடுவது போன்றது.

வாந்திபேதியின் வரலாறு நமக்கு அந்நியமானது அன்று. நம் முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த காலத்தில், கப்பலில் வாந்திபேதியோ அம்மையோ கண்டால் பயணிகளை நேரே கரையில் இறக்கமாட்டார்கள். பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவில் ஒதுக்கி வைப்பார்கள். நோயில்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, சோற்றை மூடி வை என்று நம் பாட்டிமார் ஓயாமல் சொன்னது இத்தகைய காலங்களின் அனுபவம். அந்தப் பாட்டிமாருக்குக் கிருமியின் பெயர் தெரியாது. ஆனால் அது வரும் வழி தெரிந்திருந்தது.

நோய் தண்ணீரில் மட்டும்தான் வருமா? சமைக்கும் கையிலும் வரும் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டியது.

மேரி மாலன் என்பவர் அயர்லாந்திலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்க வந்த பெண்மணி, கைதேர்ந்த சமையற்காரர். 1906ஆம் ஆண்டு ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் ஒரு செல்வர் குடும்பத்துக்குச் சமைத்தார். அவ்வீட்டில் ஆறு பேருக்குக் குடற்காய்ச்சல், அதாவது டைபாய்டு கண்டது. ஜார்ஜ் சோப்பர் என்ற பொறியியலாளர் ஆராய்ந்தபோது, மேரி முன்பு வேலை செய்த வீடுகள் பலவற்றிலும் இதே காய்ச்சல் வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். மேரிக்கோ ஒரு நோயும் இல்லை, திடகாத்திரமாக இருந்தார். ஆனால் அவர் உடலுக்குள் கிருமி குடியிருந்தது. சுடச்சுடச் சமைத்த உணவில் அது செத்துப்போகும். ஆனால் அவர் கையால் செய்த ஐஸ்கிரீமும் வெட்டிப்போட்ட பழமும் நெருப்பைப் பார்க்காத உணவு அல்லவா? கை வழியாகக் கிருமி அதில் இறங்கியது.

1907இல் அவரைப் பிடித்து ஒரு தீவு மருத்துவமனையில் ஒதுக்கி வைத்தார்கள். இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910இல் விடுவித்தார்கள். வேறு வேலையில் வருமானம் குறைவு. தம்மிடம் நோய் இருப்பதாகவும் அவர் நம்பவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் சமையலுக்குப் போனார். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் 25 பேருக்குக் காய்ச்சல் கண்டு இருவர் இறந்தபோது, அங்கே சமையற்கட்டில் இருந்தவர் மேரிதான். அதன் பிறகு 1938இல் இறக்கும் வரை அவரைத் தீவிலேயே வைத்துவிட்டார்கள். ஓர் ஏழைப் பெண்ணை அவ்வாறு வாழ்நாள் முழுதும் அடைத்து வைத்தது நியாயமா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். எனினும் அவர் கதை நமக்குச் சொல்லும் செய்தி தெளிவு: நோய் இல்லாதவர் போலத் தோன்றுபவர் கையிலும் கிருமி இருக்கலாம், அதற்கு மாற்று, சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் உணவைச் சுடச்சுட உண்பதும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதைக் கண்டு சொன்னவர் நம் நாட்டில் பிறந்தவர் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

டாக்டர் வூ லியன் தே 1879இல் பினாங்கில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1903இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றினார். பிறகு சீனா சென்றார். 1910ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சூரியாவில் கொடிய பிளேக் பரவியது. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைப் பரப்பும் என்று எல்லாரும் எண்ணியிருந்த காலம் அது. இங்கே பரவுவது நுரையீரல் பிளேக், இது மனிதரிடமிருந்து மனிதருக்கு மூச்சு வழியாகவே பரவுகிறது என்று டாக்டர் வூ கூறினார். சல்லாத் துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லாரும் அணிய வேண்டும் என்றார். அவரைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் இதை ஏளனம் செய்து கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாளில் அவரே அந்நோய்க்குப் பலியானார். ஏறத்தாழ அறுபதாயிரம் உயிர்களைக் குடித்த அந்தப் பிளேக், 1911ஆம் ஆண்டின் முற்பகுதியிலேயே அடக்கப்பட்டது.

மூச்சு வழியை அடைத்த அதே டாக்டர் வூ, உணவு மேசையையும் மறந்துவிடவில்லை. சீனர்கள் ஒரே கிண்ணத்தில் எல்லாருடைய குச்சிகளையும் விட்டு எடுத்து உண்பதால் காசநோய் முதலியவை பரவும் என்று எச்சரித்தார். மேசை நடுவில் சுழலும் தட்டு ஒன்றை அமைத்து, ஒவ்வொரு கறிக்கும் தனிக் கரண்டி வைத்து, அதனால் எடுத்துத் தம் தட்டில் இட்டுக்கொள்ளும் முறையை அவர் பரிந்துரைத்தார். இன்று சீன உணவகங்களில் சுழலும் வட்டத் தட்டைப் பார்க்கும்போது, நம் பினாங்கு மருத்துவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1918இல் உலகத்தைச் சூறையாடிய இன்புளுவென்சாவும் மூச்சு வழி நோய்தான். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் அது மலாயாத் தோட்டங்களுக்குள் புகுந்து, லயங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த நம்மவரைப் பெருவாரியாகக் கொண்டுபோயிற்று. காற்றோட்டமில்லாத சிறு அறைகளில் பலர் சேர்ந்து படுத்திருந்தால் மூச்சு வழி நோய்க்கு அது திறந்த வாசல்.

இனி, 2020க்குத் திரும்புவோம்.

கோவிட் கிருமி எந்த வழியில் வருகிறது என்பது தொடக்கத்தில் யாருக்கும் திட்டமாகத் தெரியவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரிசோதனைக் கூடத்தில் கிருமியைப் பல பொருள்களின் மேல் தடவிப் பார்த்தபோது, பிளாஸ்டிக்கிலும் துருப்பிடிக்காத எஃகிலும் மூன்று நாள் வரையிலும், அட்டையில் ஒரு நாளுக்குள்ளும் அதைக் காண முடிந்தது. நான் கைப்பேசியில் படித்த செய்தி இதுதான். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. பிளாஸ்டிக்கின் மேல் இருந்த கிருமியின் அளவு ஏறக்குறைய ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது. மூன்று நாள் என்பது காதில் விழுந்தது. பாதி பாதியாகக் குறைவது விழவில்லை. பயந்தவன் காதில் பாதிச் செய்திதான் ஏறும்.

உலகம் முழுவதும் மக்கள் பொட்டலங்களைக் கழுவினார்கள். அவ்வாண்டு மே மாதம் அமெரிக்காவில் 502 பேரிடம் எடுத்த ஒரு கணிப்பில், நூற்றுக்கு 19 பேர் காய்கறி, பழம் முதலிய உணவுப் பொருள்களின் மேல் பிளீச் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். வீட்டைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் நஞ்சை உணவின் மேல் ஊற்றுவது எவ்வளவு பெரிய ஆபத்து! அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்தானே என்று இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

உண்மையில் நோய் எங்கே இருந்தது? சீனாவில் குவாங்சோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். 2020 ஜனவரி 24ஆம் நாள், சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள், ஓர் உணவகத்தில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்து உண்டன. வெளிக்காற்று வர வழியில்லாத அறை. குளிர்சாதனப் பெட்டி அதே காற்றை அந்த மூன்று மேசைகளுக்கும் சுழற்றிக்கொண்டிருந்தது. ஒருவருக்கு நோய் இருந்தது. பின்னர் அந்த மூன்று மேசைகளிலுமாகப் பத்துப் பேருக்கு நோய் கண்டது. அதே சமையற்கட்டு உணவை உண்ட மற்ற மேசைக்காரர்களுக்கும், தட்டுகளைத் தொட்டுப் பரிமாறியவர்களுக்கும் நோய் வரவில்லை. குற்றவாளி உணவு அன்று. அந்த மூடிய அறையின் காற்று.

பார்த்தீர்களா வரலாற்றின் விளையாட்டை! 1854இல் காற்றைக் குறை சொன்னார்கள். குற்றம் தண்ணீரில் இருந்தது. 2020இல் நாம் பொட்டலத்தைக் குறை சொன்னோம். குற்றம் காற்றில் இருந்தது. உணவகத்தில் உட்காராமல் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் உண்ணச் சொன்ன ஆணை சரியான ஆணையே. ஏனெனில் பொட்டலத்தைவிடக் கூட்டமே ஆபத்து.

2021 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் வேளாண் துறையும் ஓர் அறிக்கை விட்டன. அதுவரை உலகில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோருக்குக் கோவிட் கண்டிருந்தும், உணவோ உணவுப் பொட்டலமோ அதைப் பரப்பியதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று அவை கூறின. கிருமி படிந்த பொருளைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்புப் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று ஏப்ரல் மாதத்தில் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் கணித்தது. அந்தச் சிறு வாய்ப்பையும் நீக்க என்ன செய்ய வேண்டும்? பொட்டலத்தைப் பிரித்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். கோவிட் கிருமிக்குக் கொழுப்பினாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும்.

அப்படியானால் எங்கள் வீட்டில் வாந்தி ஏன் வந்தது? அதற்கும் வரலாற்றில் விடை இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பலருக்கு ஒரே மாதிரியான வாந்தி நோய் கண்டது. அவர்கள் எல்லாரும் கடைகளில் பொரித்த சோறு வாங்கிச் சாப்பிட்டவர்கள். சில கடைகளில் முதல் நாளே நிறையச் சோறு வடித்து, அதை வெளியிலேயே வைத்திருந்து, மறுநாள் சிறிது சிறிதாக எடுத்துப் பொரித்து விற்றார்கள். அரிசியிலேயே இயற்கையாக ஒரு கிருமி இருக்கும். அதன் பெயர் பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்து கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால், அந்த வித்து முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சைத் திரும்பச் சூடாக்கினாலும் அழிக்க முடியாது. உண்டவருக்குச் சில மணி நேரத்துக்குள் வாந்தி வரும்.

என் வீட்டு வாந்திக்கு எல்லா அடையாளமும் பொருந்தின. தேங்காய்ப்பால் சோறு, காலையிலேயே கட்டிய பொட்டலம், நான்கு மணி நேர வெயில், உண்ட இரண்டு மணி நேரத்தில் வாந்தி. இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். கோவிட் கிருமி சோற்றில் பெருகாது. அது பெருக உயிருள்ள உடல் வேண்டும். பொட்டலத்தின் மேல் கிடந்தால் நேரம் ஆக ஆகக் குறையும். சோற்றுக் கிருமி அப்படியன்று. நேரம் ஆக ஆகப் பெருகும். பிள்ளைகளே, ஒரு கணக்குப் போடுங்கள். வெதுவெதுப்பான உணவில் ஒரு கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 8. இரண்டு மணி நேரத்தில் 64. நான்கு மணி நேரத்தில் 4096! வெளியில் இருந்த எதிரி சாகட்டும் என்று நான் காத்திருந்த நேரத்தில், உள்ளே இருந்த எதிரி படை திரட்டிக்கொண்டிருந்தான்.

"நாங்கள் பழைய சோறு தின்று வளர்ந்தவர்கள்தானே, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று பெரியவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நீரூற்றிய சோறு புளிக்கும்போது உண்டாகும் அமிலம் பல கிருமிகளை எளிதில் வளரவிடாது. பொட்டலத்துக்குள் அடைபட்ட தேங்காய்ப்பால் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை. விடியற்காலையில் எழுந்து சமைத்து, தூக்குச்சட்டியில் கொண்டுபோய் வேலைக்காட்டில் உண்டவர்களும், பெரும்பாலும் முற்பகலிலேயே அதை உண்டு முடித்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அன்று இரவு என் தாயாரைக் காப்பாற்றியதும் வரலாறு தந்த ஒரு பாடமே. 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. ஊசி வழியாக ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோனதால், டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய் வழியாகக் கொடுக்கச் செய்து ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்க வைத்தார். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, என் துணைவியார் விடிய விடியச் சிறிது சிறிதாகப் புகட்டினார். விடிந்தபோது என் தாயார் எழுந்து உட்கார்ந்தார். முதலில் கேட்டது, "பொட்டலமெல்லாம் காஞ்சிடுச்சா?" என்பதுதான்.

நேயர்களே, கோவிட் நோயின் உலக அவசர நிலை முடிந்ததாக 2023 மே 5ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் கொள்ளை நோய் இனி வராது என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி ஒன்று வந்தால், கடைச் சாப்பாட்டைப் பொறுத்தவரை இவற்றைக் கடைப்பிடியுங்கள்.

முதலாவது, என்ன நோய், எந்த வழியில் வருகிறது என்று கேட்டறியுங்கள். சுகாதார அதிகாரிகள் சொல்வதைக் கேளுங்கள். கைப்பேசியில் வருவதையெல்லாம் நம்பாதீர்கள். மூச்சு வழி நோய் என்றால், வாங்கப் போகும் இடத்தில் கூட்டத்தில் நிற்காதீர்கள், முகக்கவசம் அணியுங்கள், வீட்டில் ஒருவர் மட்டும் போய் வாருங்கள். வயிற்று வழி நோய் என்றால், பச்சைக் காய்கறி, வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட தண்ணீர் ஆகியவற்றைத் தவிருங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

இரண்டாவது, பொட்டலம் வீட்டுக்கு வந்ததும் பிரித்து உணவைச் சுத்தமான தட்டில் மாற்றுங்கள். காகிதத்தையும் பையையும் குப்பையில் போடுங்கள். பிறகு சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவி உண்ணுங்கள். பொட்டலத்தின் மேலோ உணவின் மேலோ பிளீச்சையோ கிருமிநாசினியையோ தெளிக்க வேண்டாம். பிளீச்சைப் புளிக்காடியோடு கலக்கவே கூடாது; நச்சுப் புகை வரும்.

மூன்றாவது, சூடாக வந்ததைச் சூடாகவே உண்ணுங்கள். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. கடையில் கட்டி வைத்திருந்த நேரமும் அந்தக் கணக்கில் சேரும். பிறகு உண்பதானால், தட்டையான பாத்திரத்தில் பரப்பி விரைவில் ஐஸ்பெட்டியில் வையுங்கள். எடுத்து உண்ணும்போது ஆவி பறக்கும் வரை ஒரே ஒருமுறை சூடாக்குங்கள். வெளியிலேயே நெடுநேரம் கிடந்த சோற்றைச் சூடாக்கிக் காப்பாற்ற முடியாது. மனம் வலித்தாலும் கொட்டிவிடுங்கள்.

நான்காவது, வீட்டில் நோயாளி இருந்தால் அவர் சமைக்கவோ பரிமாறவோ வேண்டாம். அவர் பங்கை முதலிலேயே தனித் தட்டில் எடுத்து வைத்துக் கொடுங்கள். எல்லாரும் ஒரே பாத்திரத்தில் கைவிட்டு எடுக்காமல், டாக்டர் வூ சொன்னதுபோல் கரண்டி போட்டுப் பரிமாறுங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் உப்புச் சர்க்கரை நீரைக் கொடுங்கள். நிற்காவிட்டாலும், குழந்தைக்கோ முதியவருக்கோ சோர்வு கண்டாலும், எந்த நோய்க் காலமானாலும் தயங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஸ்னோ கற்றுக்கொடுத்ததும், டாக்டர் வூ கற்றுக்கொடுத்ததும், என் தாயார் அஞ்சடியில் நின்று கேட்டதும் ஒரே பாடம்தான்: பயப்படுவதற்கு முன் நோய் வரும் வழியைப் பார். நான் அன்று என் தாயார் சொன்னதைக் கேட்டிருந்தால், இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியே இருந்திருக்காது.